கொழும்பில் மரபுத் தக்காளி: பூ வருகிறது, காய் நிற்கவில்லை

வெள்ளவத்தைக் கொடி
2023 ஒக்டோபர் 8, இரவு 9.14

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையில் தொடர்மாடி ஒன்றின் ஐந்தாம் மாடியில் இருக்கிறேன். பல்கனி கடலைப் பார்த்தது. மதியம் பன்னிரண்டரைக்கு வெயில் ஏறினால் ஆறு மணிவரை இறங்காது.

இரண்டு வருடத்துக்கு முன்பு ரொறன்ரோவில் இருந்து வந்த மச்சாள் மூன்று பைக்கற் தக்காளி விதை தந்தாள். பிராண்டிவைன், செரோக்கி பர்ப்பிள், யெல்லோ பேர். மூன்றும் மரபு இனங்கள், அதாவது தலைமுறையாக விதை கைமாறி வந்தவை. அவள் வீட்டுப் பின்வளவில் பழுத்த பிராண்டிவைன் ஒன்றைப் படத்தில் பார்த்தேன், இரண்டு கையாலும் ஏந்த வேண்டிய அளவு. அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை.

முதல் முறை சட்டியில் மண் நிரப்பி வைத்தேன். ஒன்றரை அடி வளர்ந்த கன்று ஒரு நாள் மத்தியானம் தலையைத் தொங்கப் போட்டது. இலை மஞ்சளாகவில்லை, பச்சையாகவே வாடியது. தண்ணீர் ஊற்றினேன், மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. பக்கத்துச் சட்டிக்கும் அதே கதி.

இரண்டாம் முறை இந்த ஏப்ரலில் புது மண்ணில் வைத்தேன். அழகாக வந்தது. பிராண்டிவைன் என்னை விட உயரம். கொத்துக் கொத்தாகப் பூ. ஒவ்வொரு நாள் காலையும் அந்தப் பூக்கள் காம்பின் கணுவில் கழன்று தரையில் கிடக்கும். ஒரு காய் இல்லை. யெல்லோ பேர் மட்டும் பத்துப் பன்னிரண்டு தந்தது.

மண்ணை விட்டு ஹைட்ரோபோனிக் முறைக்குப் போனால் சரிவருமா? அல்லது கொழும்பில் இந்த இனங்கள் காய்க்கவே காய்க்காதா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இன்னும் பதினைந்து இருபது விதை கையில் இருக்கிறது, அதை வீணாக்க மனமில்லை.

தெஹிவளைத் தொட்டி
2023 ஒக்டோபர் 8, இரவு 10.02

அக்கா, மண்ணை விடுங்கள். நான் 2022 யூனில் தொடங்கியவன். அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு தந்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்ன காலம். சந்தையில் மரக்கறி விலையைக் கேட்டால் பயம் வரும். அப்போது மொட்டை மாடியில் நான்கு ரிஜிபோம் பெட்டி வைத்தேன், இப்போது பதினாறு.

பழக்கடையில் வாங்கிய பெட்டிக்குள் கறுப்புப் பொலித்தீன் விரித்து, அல்பேர்ட் கரைசல் (தண்ணீரில் கரைக்கும் பசளைக் கலவை) ஊற்றி, மூடியில் துளை போட்டு, வலைக் கோப்பையில் கன்றை இறக்கினால் வேலை முடிந்தது. பம்பு இல்லை, கரண்ட் இல்லை. ஹவாய் பல்கலைக்கழகத்தில் இருந்த பேர்னார்ட் கிராட்கி பரப்பிய முறை இது. தண்ணீர் குறையக் குறைய மேலே காற்று இடைவெளி வரும். அந்த இடைவெளியில் நிற்கும் வேர் மூச்சு விடும், கீழே உள்ள வேர் குடிக்கும். தினமும் மின்வெட்டு இருந்த நாட்களில் பம்பு வைத்திருந்த என் நண்பனின் கீரை எல்லாம் கருகியது, என் பெட்டிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அல்பேர்ட் பசளை கன்றுக்கு லீற்றருக்கு 1 கிராம், வளர்ந்த பிறகு 2 கிராம் வரை. பிஎச், அதாவது கரைசலின் அமிலத்தன்மை அளவு, 5.5க்கும் 6.5க்கும் இடையில் இருக்க வேண்டும். இவ்வளவுதான்.

பம்பலப்பிட்டி நாற்று
2023 ஒக்டோபர் 9, காலை 7.30

வெள்ளவத்தை அக்காவுக்கு நடந்தது இரண்டு வேறு பிரச்சினைகள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் பணம் செலவாகும், காய் வராது. நான் பேராதனையில் விவசாயம் படித்தேன், இப்போது வேலைக்காகக் கொழும்பில் இருக்கிறேன்.

முதல் முறை நடந்தது பெரும்பாலும் பக்டீரியா வாடல். ரால்ஸ்டோனியா என்ற கிருமி மண்ணில் இருந்து வேர் வழியாக ஏறித் தண்ணீர்க் குழாய்களை அடைத்துவிடும். அதனால்தான் மஞ்சளாகாமல் பச்சையாகவே வாடுகிறது. மறுபடி வந்தால் தண்டின் அடியில் விரலளவு துண்டு வெட்டி, கண்ணாடிக் குவளைத் தெளிந்த தண்ணீரில் வெட்டுமுகம் மட்டும் படும்படி பிடித்துப் பாருங்கள். சில நிமிடத்தில் பால்போல வெள்ளை நூல் இறங்கினால் அதுதான். சூடும் ஈரமும் உள்ள மண்ணில் அது நன்றாக வாழும், மருந்து கிடையாது. இதற்கு மண்ணில்லா முறை உதவும், தெஹிவளை அண்ணா சொன்னது சரி.

இரண்டாம் முறை நடந்ததற்கு மண்ணோ தண்ணீரோ காரணம் இல்லை. இரவுதான் காரணம்.

தக்காளி பகல் சூட்டை ஓரளவு தாங்கும். இரவில் குளிர வேண்டும். 15இலிருந்து 20 பாகை வரை இருந்தால் அதற்கு மிகவும் பிடிக்கும். 21ஐத் தாண்டத் தாண்ட மகரந்தம் கெடத் தொடங்கும், பெரிய பழ இனங்களில் இது இன்னும் மோசம். கொழும்பில் மே, யூன் மாதச் சராசரி இரவு வெப்பநிலை 25 பாகைக்கு மேல். டிசெம்பர், ஜனவரியில் 22ஐ ஒட்டி வரும். வருடத்தில் நமக்குக் கிடைக்கும் சின்னக் கதவு அதுதான். நீங்கள் ஏப்ரலில் நட்டீர்கள், யூனில் பூத்திருக்கும். அந்தப் பூ நிற்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். பூ விரிவதற்கு ஒன்று இரண்டு வாரம் முன்பு, மொட்டாக இருக்கும்போதுதான் மகரந்தம் உருவாகிறது. கெடுவதும் அப்போதுதான். ஆகவே பூ விரிந்த அன்று மழை பெய்து குளிர்ந்ததே என்று ஆறுதல்பட முடியாது.

தெஹிவளைத் தொட்டி
2023 ஒக்டோபர் 9, மாலை 6.48

தங்கச்சி சொன்னதை வாசித்தபின் என் குறிப்புக் கொப்பியை எடுத்துப் பார்த்தேன். நான் காய் பறித்த திகதிகள் ஏறக்குறைய எல்லாம் ஜனவரியில் இருந்து மார்ச்வரைதான். நான் இதைக் கரைசல் சரியாக அமைந்த மாதங்கள் என்று நினைத்திருந்தேன். மற்ற மாதங்களில் எனக்குக் கிடைத்தது சின்னச் செரித் தக்காளி மட்டும்.

கொட்டாஞ்சேனை மாடி
2023 ஒக்டோபர் 10, காலை 5.50

பிள்ளைகளே, இருபது வருடமாகக் கொட்டாஞ்சேனையில் மொட்டை மாடியில் தக்காளி வைக்கிறேன். எனக்கு ஈசி (கரைசலின் உப்புச் செறிவு), பிஎச் எல்லாம் பிறகு வந்த பாடம். நான் சொல்ல வருவது விதையைப் பற்றி.

யாழ்ப்பாணம் கோண்டாவிலில் அம்மா வைத்த தக்காளி ஒன்று இருந்தது. தட்டையாக, பூசணிக்காய்போல வரி வரியாக, நல்ல புளிப்பு. சொதிக்கு அதைப் போட்டால் தேசிக்காய் தேவைப்படாது. விதையைச் சாம்பலில் பிரட்டி, துணியில் கட்டி, அடுப்புக்கு மேலே புகைபடத் தொங்கவிடுவார். 1995 ஒக்டோபர் 30 இரவு, போர் நெருங்கி ஊரே இடம்பெயர்ந்து வெளிக்கிட்டபோது, அந்தத் துணிமுடிச்சு அங்கேயே தொங்கியது. அரிசியும் உடுப்பும் எடுத்தோம். விதை யாருக்கு நினைவு வரும்? 1996இல் திரும்பிப்போனபோது அடுக்களைக் கூரையே இல்லை.

2003இல் கொழும்புக்கு வந்தபின் சந்தையில் ஒரு கூடைக்குள் அதே சாடையில் வரியுள்ள பழம் ஒன்றைக் கண்டேன். அம்மாவின் பழம் அல்ல, அது எனக்குத் தெரியும். ஆனாலும் வாங்கி வந்து விதை எடுத்தேன். முதல் வருடம் முளைத்த பதினெட்டுக் கன்றில் வரி விழுந்தது ஐந்துதான். மற்றவை உருண்டை, சில நீளம். அந்த ஐந்தில் காய் அதிகம் நின்ற இரண்டில் இருந்து மட்டும் விதை. அடுத்த வருடமும் அப்படியே. ஏழெட்டு வருடத்தில் எல்லாக் கன்றும் ஒரே சாடையாக வரத் தொடங்கியது. பழம் சின்னது, நான்கைந்து சேர்த்தால் கால் கிலோ. ஆனால் இந்தக் கொழும்பு வெக்கையில் நிற்கிறது, ஏப்ரலிலும் கொஞ்சம் காய்க்கிறது.

வெள்ளவத்தைப் பிள்ளை, பிராண்டிவைன் மேல் ஆசைப்படுங்கள், அதில் பிழையில்லை. ஆனால் அதோடு இதிலும் ஆறு விதை போடுங்கள். நான் தருகிறேன்.

கிருலப்பனைப் புதியவர்
2023 ஒக்டோபர் 10, காலை 11.20

குறுக்கே கேட்பதற்கு மன்னிக்கவும். முகநூலில் ஒரு கடையில் மரபு விதை என்று கடும் நீல நிறத் தக்காளி வாங்கினேன், 20 விதை 900 ரூபாய். முளைத்தவை சாதாரணச் சிவப்பு. என்னுடைய வளர்ப்பில் பிழையா?

பம்பலப்பிட்டி நாற்று
2023 ஒக்டோபர் 10, மதியம் 1.05

உங்கள் பிழை இல்லை. படத்தில் காட்டுவதுபோல மை நீலத் தக்காளி உலகில் இல்லை. கறுத்த ஊதாத் தோல் உள்ளவை உண்டு. ஒரெகன் மாநிலப் பல்கலைக்கழகம் 2012இல் வெளியிட்ட இண்டிகோ ரோஸ் அப்படியானது. அதிலும் வெயில் பட்ட பக்கம் மட்டும்தான் கறுக்கும், உள்ளே சிவப்பு.

ஐயாவின் பதிவை இரண்டு தரம் வாசித்தேன். ஒரு கேள்வி, மரியாதையோடு. சந்தையில் வாங்கிய பழம் கலப்பின எஃப்1 (இரண்டு இனங்களைக் கலந்து வரும் முதல் தலைமுறை) ஆக இருந்திருக்கலாம். முதல் வருடம் பதினெட்டுக் கன்றும் பல சாடையாகப் பிரிந்தது அதைத்தான் காட்டுகிறது. அப்படியானால் அதை மரபுத் தக்காளி என்று சொல்லலாமா? பொதுவாக ஐம்பது வருடமாவது கைமாறி வந்ததைத்தான் அந்தப் பெயரில் அழைக்கிறார்கள்.

கொட்டாஞ்சேனை மாடி
2023 ஒக்டோபர் 11, காலை 5.40

கேட்டது நல்லது பிள்ளை. எனக்கும் அந்தச் சந்தேகம் வெகுகாலம் இருந்தது.

தக்காளி தன் பூவைத் தானே கருவூட்டும் செடி. கலப்புச் செடியின் விதையைத் தொடர்ந்து போட்டால், ஒவ்வொரு தலைமுறையிலும் கலப்பு பாதி பாதியாகக் குறையும். இரண்டில் ஒன்று, நான்கில் ஒன்று, எட்டில் ஒன்று. ஆறு தரம் அப்படிப் போனால் அறுபத்துநான்கில் ஒன்றுதான் மிச்சம். கடையில் விற்கும் நிலையான இனங்களையும் இப்படிப் பொறுக்கித்தான் எடுத்தார்கள். மார்குளோப் என்று நம் ஊரில் கனகாலம் வைத்தார்களே, அது 1925இல் அமெரிக்க விவசாயத் திணைக்களம் மார்வல், குளோப் என்ற இரண்டைக் கலந்து, பொறுக்கி வெளியிட்டது. இன்று அதை எல்லோரும் பழைய இனம் என்கிறார்கள். செரோக்கி பர்ப்பிளுக்கு அந்தப் பெயர் வந்தே முப்பது சொச்சம் வருடம்தான். 1990இல் டென்னசியில் இருந்து ஒருவர் கிரெய்க் லெஹூலியருக்குத் தபாலில் விதை அனுப்ப, அவர் வளர்த்துப் பார்த்துப் பெயர் வைத்தார். அதற்கு முன்பு அது யாரோ ஒரு குடும்பத்தின் பெயரில்லாத பழம்.

ஐம்பது வருடக் கணக்கை நான் குறை சொல்லவில்லை. எனக்கு இப்போது இருபது. மிச்ச முப்பதை என் பேத்தி போடட்டும்.

வத்தளை வளவு
2023 ஒக்டோபர் 11, இரவு 8.15

தெஹிவளைத் தம்பியிடம் ஒரு கேள்வி. டெங்கு? எங்கள் பக்கம் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் பூச்சாடித் தட்டைக்கூட தூக்கிப் பார்க்கிறார். பக்கத்து வீட்டுக்கு வழக்குப் போட்டார்கள். பதினாறு பெட்டித் தண்ணீரை எப்படி வைத்திருக்கிறீர்கள்?

தெஹிவளைத் தொட்டி
2023 ஒக்டோபர் 11, இரவு 9.30

முக்கியமான கேள்வி அண்ணா. முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

மூடி இறுக்கமாக இருந்தாலும் வலைக் கோப்பைக்கும் துளைக்கும் நடுவே நுளம்பு நுழையும். ஒவ்வொரு கோப்பையைச் சுற்றியும் பஞ்சு அல்லது ஸ்பொஞ்சு வளையம் வைக்கிறேன். மூடி ஓரம் முழுக்க ஒட்டுநாடா. தண்ணீர் விடும் குழாய் வாய்க்கு நுளம்பு வலைத் துணி கட்டி இறப்பர் வளையம். மழைத் தண்ணீர் மூடிமேல் தேங்கக் கூடாது, அதற்காகப் பெட்டியை ஒரு பக்கம் சற்றுச் சரித்து வைக்கிறேன். வாரத்தில் ஒரு நாள், எனக்கு ஞாயிறு, எல்லா மூடியும் திறந்து டோர்ச் அடித்துப் பார்ப்பேன். முட்டையில் இருந்து நுளம்பாக ஒரு வாரம் பத்து நாள் போதும். அதனால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று தள்ளிப்போட முடியாது. வீட்டில் சின்னப்பிள்ளை இருக்கிறது. இதைச் செய்ய நேரம் இல்லாதவர்கள் தண்ணீர்ப் பெட்டி வைக்கவே வேண்டாம், தேங்காய்த் தும்புத்தூள் வாளி வைக்கலாம்.

வெள்ளவத்தைக் கொடி
2023 ஒக்டோபர் 12, காலை 6.10

அந்தத் தும்புத்தூள் வாளியைக் கொஞ்சம் விளக்குங்கள் தம்பி. எங்கள் தொடர்மாடியில் தண்ணீர் தேக்க முகாமையாளர் விடமாட்டார்.

தெஹிவளைத் தொட்டி
2023 ஒக்டோபர் 12, மாலை 7.20

சரி, எழுதுகிறேன். உண்மையில் தக்காளிக்கு நானும் பெட்டியை விட்டு வாளிக்கு மாறிவிட்டேன். கீரைக்குப் பெட்டி போதும். தக்காளி வெயில் நாளில் இரண்டு லீற்றருக்கு மேல் குடிக்கிறது, 25 லீற்றர் பெட்டி பத்து நாளில் வற்றிவிடும். தண்ணீர் சூடாவது இன்னொரு தொல்லை. 20 பாகைத் தண்ணீரில் லீற்றருக்கு 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்கும். 30 பாகையில் ஏழரைதான் கரையும், சூட்டில் வேருக்கோ அதிகம் தேவை. வேர் பழுப்பாகி வழுவழுக்கத் தொடங்கும்.

20 லீற்றர் பெயின்ற் வாளியை நன்றாகக் கழுவி, அடியில் இருந்து இரண்டு அங்குல உயரத்தில் பக்கத்தில் ஒரு துளை போடுங்கள். அடியில் உடைத்த ஓட்டுத் துண்டு, மேலே தும்புத்தூள். கடையில் கொஹுபத் என்று கேட்டால் உடனே தருவார்கள். வாளிக்கு வெளியே வெள்ளைப் பூச்சு பூசுங்கள், கறுப்பாக விட்டால் உங்கள் மேற்கு வெயிலில் வேர் வெந்துவிடும்.

தும்புத்தூளைக் கட்டாயம் கழுவ வேண்டும். அதில் சோடியமும் பொட்டாசியமும் ஒட்டியிருக்கும். கழுவாமல் போட்டால் அது நாம் கொடுக்கும் கல்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை வெளியே விடும். இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி அலசி, பிறகு கல்சியம் நைத்திரேற் கரைத்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்து மறுபடி அலசுங்கள். முதல் வருடம் இதைச் செய்யாமல் விட்டேன். காய் எல்லாம் அடிப்பக்கம் கறுத்து, தோல்போல அமுங்கி அழுகியது. நோய் என்று நினைத்து மருந்து அடித்தேன், அது நோயே இல்லை, காய்நுனிக்குக் கல்சியம் போய்ச் சேராததுதான். ஒரு நாள் காயவிட்டு மறுநாள் குளமாக ஊற்றினாலும் அதுவே நடக்கும்.

பசளை தினமும், கொஞ்சம் கொஞ்சமாக, காலையிலும் மாலையிலும். துளையால் சிறிது வழிய வேண்டும், அப்போதுதான் உப்புச் சேராது. வழிவது மூடியுள்ள போத்தலுக்குள் விழும்படி குழாய் வையுங்கள், கீழ்மாடிக்காரர் பல்கனியில் ஒழுகினால் தோட்டம் அன்றோடு சரி. கல்சியம் நைத்திரேற்றை மற்றப் பசளையோடு கெட்டியாகக் கலந்துவிடாதீர்கள், வெள்ளையாகத் திரண்டு அடியில் படிந்துவிடும். வேறு வேறாகக் கரைத்து, நிறைந்த வாளித் தண்ணீரில் ஒன்றன்பின் ஒன்றாக விடுங்கள்.

ஒவ்வொரு வாளியும் தனித்தனியாக இருக்கட்டும். ஒரே தண்ணீரைச் சுற்றவிட்டால், ஒரு செடிக்கு வாடல் வந்தாலும் எல்லாவற்றுக்கும் போய்விடும்.

பம்பலப்பிட்டி நாற்று
2023 ஒக்டோபர் 12, இரவு 9.45

அருமையான பதிவு அண்ணா. நான் மூன்று விஷயம் மட்டும் சேர்க்கிறேன்.

மண்ணில்தான் வைப்பேன் என்பவர்களுக்கு ஒட்டுக்கட்டல் இருக்கிறது. தாய்வானில் உள்ள உலக மரக்கறி நிலையம் வாடலுக்கும் வெள்ளத்துக்கும் தாக்குப்பிடிக்கும் கத்தரி இனங்களைத் தேர்ந்து, அவற்றின்மேல் தக்காளியை ஒட்டச் சொல்கிறது. கத்தரியும் தக்காளியும் ஒரே குடும்பம், நன்றாகப் பிடிக்கும். பென்சில் முனையளவு தண்டு, இரண்டையும் ஒரே சாய்வில் வெட்டி, சின்ன இறப்பர்க் குழாயில் சேர்த்து, ஒரு வாரம் பொலித்தீன் மூடிய நிழலில் வைக்க வேண்டும். கத்தரியைத் தக்காளியை விடச் சில நாள் முந்தி விதையுங்கள், அது மெதுவாக வளரும்.

மகரந்தம் பற்றி. கொழும்பில் சூடு ஒரு பக்கம், ஈரப்பதன் இன்னொரு பக்கம். காற்றில் ஈரம் கூடினால் மகரந்தம் ஒட்டிக்கொண்டு உதிராது. காலை ஒன்பது பத்து மணிக்கு, பனி உலர்ந்தபின், பூங்கொத்தின் காம்பை மெதுவாகச் சுண்டிவிடுங்கள். மின் பல்தூரிகை இருந்தால் அதன் முதுகை ஒரு விநாடி வைத்தால் போதும்.

மூன்றாவது, அக்கா கோபிக்கக் கூடாது. வெளிநாட்டில் இருந்து விதையை உடுப்புப் பெட்டிக்குள் போட்டுக் கொண்டுவருவது சட்டப்படி சரியில்லை. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் முன்கூட்டி அனுமதி வேண்டும், கட்டுநாயக்கவில் தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை இருக்கிறது. இது வெறும் கடதாசி வேலை அல்ல. 2014, 2015இல் இஸ்ரேலிலும் யோர்தானிலும் தென்பட்ட பழுப்புச் சுருக்க வைரஸ் விதையோடு பயணம் செய்துதான் உலகம் முழுக்கப் பரவியது. நம் நாட்டுத் தக்காளி விவசாயிகள் ஏற்கெனவே வெள்ளை ஈ கொண்டுவரும் இலைச்சுருட்டு வைரஸோடு போராடுகிறார்கள். இன்னொன்றையும் அவர்கள் தலையில் கட்ட வேண்டாம். இருக்கும் விதையை வேறு யாருக்கும் பகிராதீர்கள். அடுத்த முறை மச்சாள் வருமுன் அனுமதிக்கு எழுதுங்கள்.

வெள்ளவத்தைக் கொடி
2023 ஒக்டோபர் 13, காலை 6.30

கோபம் இல்லை தங்கச்சி. எனக்கு இது தெரியவே தெரியாது. மச்சாளுக்கும் சொல்லிவிட்டேன். மிச்ச விதையை என் பல்கனியை விட்டு வெளியே விடமாட்டேன்.

நேற்றுக் கொட்டாஞ்சேனைக்குப் போய் ஐயாவிடம் விதை வாங்கி வந்தேன். ஒரு சின்ன மருந்துக் குப்பி, அடியில் வறுத்த அரிசி, மேலே கடதாசியில் சுற்றிய விதை. கடதாசியில் வருடமும் செடி எண்ணும் எழுதியிருக்கிறது. இன்றே இரண்டும் விதைக்கிறேன். 13ஆம் திகதி.

வெள்ளவத்தைக் கொடி
2023 டிசெம்பர் 17, இரவு 8.50

நிலவரம். இருவரிடமும் படித்ததை அப்படியே செய்தேன். நான்கு வெள்ளை வாளி: இரண்டில் ஐயாவின் வரித்தக்காளி, ஒன்றில் செரோக்கி, ஒன்றில் பிராண்டிவைன். நவம்பர் மழையில் பல்கனி ஓரத்துக்குத் தெளிவான பொலித்தீன் தொங்கவிட்டேன், இலை நனைந்தால் கரும்புள்ளி வருகிறது. கடல் காற்று இன்னொரு தொல்லை. இரண்டு நாள் பலமாக அடித்தபின் இலை ஓரம் கருகி, தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரிக்கிறது. இப்போது காற்றடித்த அன்று மாலை இலைகளை நல்ல தண்ணீரில் கழுவிவிடுகிறேன்.

வரித்தக்காளி டிசெம்பர் 4 பூத்தது. இன்று எண்ணினேன், இரண்டு செடியிலும் சேர்த்து முப்பத்தொரு காய்! செரோக்கியில் இரண்டு, பட்டாணி அளவு. பிராண்டிவைன் இப்போதுதான் மொட்டு.

கொட்டாஞ்சேனை மாடி
2023 டிசெம்பர் 18, காலை 5.45

செரோக்கியில் இரண்டு நின்றதா! அந்தக் கொத்தில் மிச்சப் பூக்களைக் கிள்ளிவிடுங்கள் பிள்ளை, செடி அந்த இரண்டுக்கும் சாப்பாடு கொடுக்கட்டும். அந்த இரண்டில் எது முதலில் பழுக்கிறதோ, அதைச் சாப்பிட வேண்டாம்.

தெஹிவளைத் தொட்டி
2024 ஜனவரி 21, மதியம் 12.10

என் பக்கத்துச் செய்தி. ஐயாவின் இனத்தை ஒரே நாளில் தும்புத்தூள் வாளியிலும் தண்ணீர்ப் பெட்டியிலும் வைத்துப் பார்த்தேன். பெட்டியில் வளர்ச்சி வேகம், முதல் பழம் ஐந்து நாள் முந்தியது. ஆனால் சுவை வாளிப் பழத்தில்தான். பெட்டிப் பழம் தண்ணியாக இருந்தது. பழம் நிறம் மாறத் தொடங்கியபின் கரைசலைச் சற்றுக் கூட்டி, தண்ணீரைச் சற்றுக் குறைத்தேன், அதன்பின் வந்தவை நன்றாக இருக்கின்றன. ஒன்றில் மாத்திரம் செய்த சோதனை, யாரும் இதைச் சட்டமாக எடுக்க வேண்டாம்.

வெள்ளவத்தைக் கொடி
2024 மார்ச் 10, காலை 9.25

பருவம் முடிகிறது, இரவு மறுபடி வேர்க்கத் தொடங்கிவிட்டது.

வரித்தக்காளி இரண்டு செடியில் நிறுத்துப் பார்த்தது 4 கிலோ 300 கிராம். செரோக்கி மூன்று பழம். முதல் பழத்தை ஐயா சொன்னபடி விதைக்கு விட்டேன், சதையை மட்டும் கரண்டியால் சுரண்டிச் சுவைத்தேன். இரண்டாவதை வெட்டி, உப்பும் மிளகும் தூவி, நானும் மகளும் நின்றபடியே சாப்பிட்டோம். மண் மணமும் புகை வாசமும் சேர்ந்த ஒரு இனிப்பு. அதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. பிராண்டிவைன் ஒரு காய்கூட இல்லை, ஜனவரிப் பூக்களும் உதிர்ந்தன. அதை இனி இங்கே வைக்கமாட்டேன். மலைநாட்டில் யாராவது அதை வளர்த்துப் பார்க்கட்டும், அங்கே இரவு குளிரும். அதற்கும் முதலில் அனுமதியோடு விதை வர வேண்டும்.

வெளிநாட்டு இனத்தில் எனக்கு இனி ஆசை இருப்பது குட்டைத் தக்காளிகளில். செரோக்கிக்குப் பெயர் வைத்த அதே லெஹூலியரும் அவுஸ்திரேலியாவில் ஒரு பெண்மணியும் தொடங்கி, பல நாட்டு வீட்டுத்தோட்டக்காரர் சேர்ந்து பொறுக்கி எடுத்தவை. மூன்று நான்கு அடிக்கு மேல் போகாது, பல்கனிக்கென்றே அமைந்தவை. அனுமதிக்கு எழுத்துவேலை தொடங்கிவிட்டேன்.

ஐயாவிடம் ஒரு கேள்வி. விதையைப் புளிக்கவைக்க இணையத்தில் மூன்று நான்கு நாள் என்கிறார்கள். இங்கே எத்தனை நாள்?

கொட்டாஞ்சேனை மாடி
2024 மார்ச் 11, காலை 5.35

இங்கே ஒன்றரை நாள் போதும், கூடினால் இரண்டு. அதற்குமேல் விட்டால் குவளைக்குள்ளேயே முளைவிடும். மேலே வெள்ளை ஆடை கட்டி, விதை வழுவழுப்பு இழந்து அடியில் இறங்கியதும் கழுவுங்கள். கண்ணாடித் தட்டில் பரப்புங்கள், கடதாசியில் போட்டால் ஒட்டிக்கொள்ளும். நிழலில் ஐந்தாறு நாள். வறுத்து ஆறிய அரிசி குப்பியின் கால்பங்கு, இறுக்கி மூடிக் குளிர்சாதனப்பெட்டியில். கொழும்பு ஈரத்தில் வெளியே வைத்தால் இரண்டு வருடத்தில் பாதி முளைக்காது, உள்ளே வைத்தால் ஐந்தாறு வருடம் தாங்கும்.

இரண்டு இனமும் அடுத்தடுத்து நின்றதால் சிறிது கலந்திருக்கலாம். அடுத்த வருடம் விதைக்கென்று வைக்கும் கொத்துக்கு, பூ விரியுமுன் மெல்லிய துணிப்பை கட்டுங்கள்.

செரோக்கி விதை முதல் பழத்தில் இருந்துதானே எடுத்தீர்கள்?

வெள்ளவத்தைக் கொடி
2024 மார்ச் 11, இரவு 9.00

ஆம் ஐயா, முதல் பழம். தொண்ணூற்றிரண்டு விதை. கடதாசியில் 2024, செடி 3, வெள்ளவத்தை என்று எழுதியிருக்கிறேன். இந்த ஒக்டோபரில் பன்னிரண்டு போடுவேன், எத்தனை காய் நிற்கிறதென்று இங்கேயே எழுதுகிறேன்.